விசைப்படகு இன்ஜினின் ஆயில் ஹோஸ், கியர் ஹோஸ் மாற்றுவது எப்படி?

மதுரையில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்கலாம். இந்த ஊரில் தண்ணீரில் மிதக்கிற பெரிய வாகனம், தை மாதம் வண்டியூர் தெப்பக்குளத்தில் சுற்றி வரும் தெப்பம் ஒன்றுதான். அதற்கும் இன்ஜின் கிடையாது, வடம் பிடித்து இழுக்கிறார்கள். என் கடைக்குச் சோறு போடுவது ஜேசிபி, போர்வெல் வண்டி, மேலூர்ப் பக்கத்துக் குவாரி வண்டிகளின் ஹைட்ராலிக் ஹோஸ்கள். ஆனால் ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் கடையின் வாசனையே மாறிவிடும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி லாஞ்சுகளுக்கு அதுதான் பராமரிப்புக் காலம். பழைய ஹோஸைச் சாக்குப்பையில் சுருட்டிக்கொண்டு ஆட்கள் மாட்டுத்தாவணியில் வந்து இறங்குவார்கள்.

ராமேஸ்வரத்துக்கும் மதுரைக்கும் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஜேசிபிக்காரருக்கு ஹோஸ் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டால் பைக்கில் திரும்பி வந்துவிடுவார். படகுக்காரருக்கு அது ஒரு முழுநாள். அதனால் இந்த வேலையில் முக்கால் பங்கு அளவெடுப்பதுதான் என்பேன். மீதி ஸ்பேனர் வேலை.

எந்த ஹோஸைச் சொல்கிறேன்

உள்ளே பொருத்திய டீசல் இன்ஜினில் எண்ணெய் ஓடுகிற ஹோஸ்கள் இரண்டு வகை. இன்ஜின் ஆயில் ஃபில்டரோ, தண்ணீரால் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரோ இன்ஜின் பிளாக்கை விட்டுத் தள்ளி மாட்டியிருந்தால், அதற்குப் போக ஒன்று, வர ஒன்று. கியர்பாக்ஸிலிருந்து அதன் கூலருக்குப் போக ஒன்று, வர ஒன்று. டீசல் லைனும் தண்ணீர் லைனும் வேறு சங்கதி. அவற்றுக்கான ரப்பரே வேறு, இங்கே அவற்றைத் தொடப்போவதில்லை.

இந்த நான்கில் எது போனாலும் படகு நின்றுவிடும். இன்ஜின் ஆயில் ஹோஸ் வெடித்தால் பம்பே எண்ணெய் முழுவதையும் வெளியே வாரி இறைத்துவிடும். டிரைவர் கவனித்து நிறுத்துவதற்குள் பேரிங் பிடித்துக்கொள்ளும். கியர் ஹோஸ் போனால் கிளட்ச் தட்டுகளை அழுத்துகிற எண்ணெய் இல்லாமல் போகும். இன்ஜின் ஜோராக ஓடும், புரொப்பல்லர் சுற்றாது. லாரியாக இருந்தால் ஓரங்கட்டலாம். பாம்பன் நீரோட்டத்தில் எந்த ஓரத்தில் கட்டுவது?

வெளியே பார்த்தால் தெரியாது

"அண்ணே, இது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. அப்போது நான் பேசுவதில்லை. அந்த ஹோஸை வைஸில் பிடித்து, ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் பிளந்து கையில் கொடுத்துவிடுவேன். வெளியே கறுப்பாக, வழுவழுப்பாக இருக்கும். உள்ரப்பரோ சித்திரையில் வறண்ட கண்மாய்த் தரை மாதிரி வெடித்துக் கிடக்கும், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். அந்தச் செதில் போய் உட்காருகிற இடம் ஃபில்டராக இருந்தால் அதிர்ஷ்டம். சில சமயம் உள்ரப்பர் ஒரு பக்கம் மட்டும் உரிந்து, கதவு மாதிரி தொங்கும். எண்ணெய் ஒரு திசையில் போகும், மறு திசையில் அடைத்துக்கொள்ளும். இப்படி ஒரு ஹோஸுக்காகக் கியர்பாக்ஸையே கழற்றிப் பார்த்தவர்கள் உண்டு.

காரணம் சூடுதான். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸின் நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி வரைக்கும் என்று செய்யப்பட்டது. பாரம் இழுக்கும்போது இன்ஜின் ஆயில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். வருடக்கணக்கில் இப்படி வெந்து வெந்து ரப்பர் கெட்டியாகிறது. வெளியிலிருந்து உப்புத் தண்ணீர் வேறு வேலை பார்க்கும். ஹோஸ் முனையை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையமான ஃபெரூலின் ஓரத்தில் மேல்ரப்பர் லேசாகக் கீறியிருந்தால் போதும், உப்பு உள்ளே போய் எஃகுக் கம்பி வலையைத் தின்னும். மேலே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும். அதைக் குத்தினால் துருப்பொடி வரும்.

மாற்ற வேண்டிய அறிகுறிகள் இவை: வளைத்தால் நுண்வெடிப்பு தெரிவது, எங்கேயாவது கொப்புளம், ஃபெரூல் துருவேறித் தடித்திருப்பது, ஹோஸ் கம்பு மாதிரி விறைத்து வடிவம் மாறாமல் நிற்பது, முனையில் எண்ணெய் வியர்ப்பது. வியர்வை சிவப்பாக இருந்தால் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) ஆயில் போட்ட கியர்பாக்ஸ், கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் இன்ஜின். டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறம் தெரிந்தால் பிரச்சினை ஹோஸில் இல்லை, தண்ணீர் கலந்திருக்கிறது. முதலில் கூலரைப் பாருங்கள்.

இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் வயது ஒரு கணக்கு. ஹோஸ் மேலேயே தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். 3க்யூ19 என்று இருந்தால் 2019-ன் மூன்றாவது காலாண்டு. ஜெர்மனியின் டிஐஎன் 20066 தரநிலை, முனை பொருத்திய ஹோஸைக் கிடங்கில் இருந்த 2 வருடத்தையும் சேர்த்து 6 வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்கிறது. கடற்காற்றில் நான் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். எழுத்தே அழிந்துபோன ஹோஸ் என்றால் கேள்வியே வேண்டாம், மாற்றுங்கள்.

அளவெடுப்பது

கழற்றுவதற்கு முன்னால் போனை எடுங்கள். எட்டு முனைகளையும் இரண்டு பக்கத்திலிருந்து படம் எடுங்கள். பிறகு வெள்ளை பெயிண்ட்டும் ஒரு தீக்குச்சியும் போதும். முதல் ஹோஸின் இரு முனையிலும் அவை உட்காரும் துவாரத்தின் பக்கத்திலும் ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு புள்ளி, இப்படியே நான்கு வரை. ஃபில்டர் தலையில் போக்கும் வரத்தும் இடம் மாறினால், ஃபில்டருக்குள் எண்ணெய் திரும்பி வடியாமல் இருக்க வைத்திருக்கும் ரப்பர் வால்வு தப்பான திசையில் அடைத்துக்கொள்ளும். இன்ஜினுக்கு எண்ணெயே போகாது. இரண்டு நிமிடப் புள்ளி வேலையைச் சோம்பி விட்டுவிடாதீர்கள்.

நீளம் என்பது ரப்பரின் நீளம் இல்லை. ஒரு முனை அடாப்டரில், அதாவது ஹோஸ் வந்து மாட்டும் இணைப்புத் துண்டில், உட்காரும் இடத்திலிருந்து மறுமுனை உட்காரும் இடம் வரை. எல்போ, அதாவது வளைந்த முனை இருந்தால், அந்த எல்போ வாயின் நடுமையத்திலிருந்து அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ஹோஸ் 2 சதவீதம் நீளலாம், 4 சதவீதம் சுருங்கலாம். ஒரு மீட்டர் ஹோஸ் 4 சென்டிமீட்டர் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் தன் ரப்பர் கால்களில் ஆடுவது இது போக. பழைய ஹோஸ் விறைப்பாக இழுத்துக்கொண்டு இருந்தது என்றால் அதே நீளத்துக்குப் புதுசு செய்யாதீர்கள், சற்றுத் தொய்வு விட்டுக் கேளுங்கள்.

அடுத்தது எல்போ கோணம். இரண்டு முனையும் எல்போவாக இருந்தால், ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் திரும்பியிருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். இதில் நானே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். மண்டபத்திலிருந்து ஒருவர் போனில் "90 டிகிரி, கடிகாரச் சுற்று" என்றார். அவர் தன் பக்கத்து எல்போவைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு எதிர்முனையை அளந்திருக்கிறார். நான் எதிர்முனையைக் கீழே வைத்துப் பக்கத்து முனையைத் திருப்பி கிரிம்ப் செய்தேன், அதாவது மெஷினில் ஃபெரூலை நசுக்கி இறுக்கினேன். அவருடைய 90 என் மேஜையில் 270 ஆகிவிட்டது. பஸ்ஸில் போன ஹோஸ் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தது, கூடவே அவரும் வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை, டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார். அன்றிலிருந்து ஒரே பேச்சு: எதிர்முனை எப்போதும் கீழே, பக்கத்து முனை கடிகாரச் சுற்றில் எத்தனை டிகிரி. இப்படிச் சொன்னால் எந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒரே விடைதான் வரும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ஒரு முனையை நேராக வைத்துக்கொள்ளுங்கள். வளைவு தேவைப்படும் இடத்தில் இன்ஜின் பக்கமே ஒரு எல்போ அடாப்டர் போட்டுவிடலாம். நேர் முனையின் நட்டு தனியாகச் சுற்றும், கோணம் தானே அமைந்துவிடும்.

கடைசியாக மரை. பேரைச் சொல்லி வாங்க முயலாதீர்கள், அடாப்டரையே கழற்றிக் கொண்டுவாருங்கள். அரை அங்குல பிஎஸ்பிக்கும் (பிரிட்டிஷ் குழாய் மரை) அரை அங்குல என்பிடிக்கும் (அமெரிக்கக் குழாய் மரை) அங்குலத்துக்கு 14 மரைதான், ஆனால் ஒன்றின் மரைக்கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. கையால் இரண்டு சுற்று ஏறும், பிறகு பிடிக்கும், "டைட் ஆயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். அது கசியும். எம்22 மெட்ரிக் மரையும், 7/8 அங்குல ஜேஐசி என்னும் அமெரிக்க மரையும் அதே மாதிரி ஏமாற்றும். வெர்னியரில் இரண்டுக்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் தெரியாது, பிட்ச் கேஜ் வைத்தால்தான் மரைக்கு மரை இடைவெளி ஒன்றில் 1.5 மில்லிமீட்டர், மற்றதில் 1.8 என்று பிடிபடும். மரை ஒத்துப்போனாலும் உட்காரும் கூம்பு ஒத்துப்போக வேண்டும். ஜேஐசியில் 37 டிகிரி, பிஎஸ்பியில் 60 டிகிரி கூம்பு. ஜப்பான் இன்ஜின்களில் பிஎஸ்பி மரையே வந்தாலும் கூம்பு வேறாக இருக்கலாம்.

என்ன ஹோஸ் கேட்பது

"டபுள் வயர் போடுங்கண்ணே, ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்பதுதான் எல்லோரும் சொல்வது. கணக்கைப் பாருங்கள். இன்ஜின் ஆயில் அழுத்தம் சூட்டில் 3-லிருந்து 5 பார், குளிரில் அதற்குக் கொஞ்சம் மேலே. எஸ்ஏஇ 100 ஆர்1, அதாவது ஒரே அடுக்குக் கம்பி வலை உள்ள சிங்கிள் வயர், அரை அங்குலத்தில் 160 பார் தாங்கும். டபுள் வயரான ஆர்2, 275 பார். இரண்டுமே தேவைக்குப் பல மடங்கு. டபுள் வயரில் கிடைப்பது பலம் இல்லை, விறைப்பு. ஆடுகிற இன்ஜினில் விறைத்த ஹோஸ் அடாப்டரைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஃபில்டர் தலையில் மரையே விரிசல் விடும். கியர்பாக்ஸின் கிளட்ச் அழுத்தம் இதைவிட அதிகம்தான், அதற்கும் சிங்கிள் வயர் தாராளம். உங்கள் கியர்பாக்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தை வெப்பத்தில் போடுங்கள். இன்ஜின் ஆயில் லைனுக்கு 100 டிகிரி ஹோஸ் எல்லையில் நிற்கிறது. 120, 150 டிகிரிக்கான ஹோஸ் கேட்டு வாங்குங்கள். எக்ஸாஸ்ட் பக்கத்தில் போகிற ஹோஸுக்குச் சிலிகோன் பூசிய கண்ணாடி இழை உறை, கடையில் ஃபயர் ஸ்லீவ் என்பார்கள், அதைச் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். கிரிம்ப் செய்வதற்கு முன்னால் மாட்ட வேண்டும், அப்புறம் எல்போ வழியாக ஏறாது.

உள்விட்டம் பழையதுக்குக் குறையக் கூடாது. கையில் இருந்தது என்று முக்கால் இன்ச் இடத்தில் அரை இன்ச் போட்டால் எண்ணெய் ஓட்டம் நெருக்கப்படும். பம்புக்கு எண்ணெய் இழுக்கிற லைனாக இருந்தால் சாதாரண ஹோஸ் சப்பிக்கொள்ளும். உள்ளே சுருள் கம்பி உள்ள சக்‌ஷன் ஹோஸ் வேண்டும்.

இன்னொன்று. ரேடியேட்டர் டியூப்பைச் செருகி இரண்டு கிளிப் போட்டு ஓட்டுகிற படகுகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு அது சரி. அழுத்தத்தில் ஓடும் சூடான எண்ணெய்க்கு வேண்டவே வேண்டாம்.

கடையில் நிற்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஹோஸை வெட்டியபின் உள்ளே காற்றடித்தோ பஞ்சு உருண்டை விட்டோ சுத்தம் செய்கிறார்களா? வெட்டுச் சக்கரம் ரப்பர் தூளையும் கம்பித் தூளையும் உள்ளே நிரப்பும், அது நேரே பேரிங்குக்குப் போகும். கிரிம்ப் செய்தபின் ஃபெரூலை வெர்னியரில் அளக்கிறார்களா? கேட்டால் பம்பில் ஏற்றி அழுத்தச் சோதனை செய்து காட்டுகிறார்களா? பிறகு இரு முனைக்கும் மூடி போட்டு வாங்குங்கள். மூடி இல்லாவிட்டால் பாலித்தீனைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். ராமேஸ்வரம் பஸ்ஸில் நான்கு மணி நேரம் போகிறது, அங்கே என்ன மண் ஏறும் என்று சொல்ல முடியாது.

கழற்றுவது

இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கி, நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் தனித்தனிக் கேனில் இறக்குங்கள். ஹோஸுக்கு அடியில் பனியன் வேஸ்ட்டை மெத்தை மாதிரி பரப்புங்கள், எவ்வளவு இறக்கினாலும் ஹோஸுக்குள் ஒரு டம்ளர் மிச்சம் இருக்கும். அது படகின் அடியில் விழுந்தால், அடித்தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் அதை நேரே கடலில் கொட்டிவிடும். கழிவு எண்ணெய் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். கட்டைக்குப் பூசுவதற்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று அடாப்டரை அசையாமல் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. கூலர் மூக்கு செம்பிலோ பித்தளையிலோ பற்றவைத்தது. ஒரே ஸ்பேனரால் மல்லுக்கட்டினால் நட்டோடு மூக்கும் சேர்ந்து வரும், ஹோஸ் வேலை கூலர் வேலையாகிவிடும். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். கழன்ற துவாரத்தை உடனே மூடுங்கள்.

கூலர் தனியாக நிற்கிற இந்த நேரத்தை விடாதீர்கள். எண்ணெய்ப் பக்கத்தின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் இரண்டு பார் காற்று கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்குங்கள். குமிழி வந்தால் உள்குழாய் ஓட்டை. கூலருக்குள் துத்தநாகத் துண்டு இருக்கும் மாடல் என்றால், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உள்ரப்பர் செதில் விட்ட ஹோஸைக் கழற்றியிருந்தால் கூலரின் எண்ணெய்ப் பக்கத்தை டீசல் விட்டு அலசி, எதிர்த்திசையில் காற்றடித்துக் காயவைக்க வேண்டும்.

மாட்டுவது

இரு முனையையும் கையால் ஏற்றி, எங்கும் முறுக்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனர். ஹோஸ் மேல் நீளவாக்கில் எழுத்து வரிசை ஓடும் அல்லவா, அது நேராக ஓட வேண்டும். பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுகியிருக்கிறது, அழுத்தம் வரும்போது அது நேராகப் பார்க்கும், நட்டு தளரும். இறுக்கும்போதும் ஹோஸை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அரை அங்குல ஹோஸின் வளைவு ஆரம் சுமார் 180 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஏறத்தாழ முக்கால் சாண். ஃபெரூலை ஒட்டியே வளைக்காமல் இரண்டு விரல் அகலம் நேராக விட்டு வளையுங்கள். பெல்ட், எக்ஸாஸ்ட், கூரான இரும்பு எதிலும் உரசக் கூடாது. ரப்பர் வைத்த கிளாம்ப்பால் அங்கங்கே பிடியுங்கள். கயிற்றில் கட்டினால் கயிறு உரசியே ஓட்டை போடும். முடிந்தவரை அடித்தண்ணீர் தொடாத உயரத்தில் கொண்டுபோங்கள்.

கூம்பில் உட்காரும் முனைக்கு டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அங்கே மரை அடைப்பதில்லை, கூம்புதான் அடைக்கிறது. சுற்றினால் கிழிந்த துணுக்கு எண்ணெய்த் துவாரத்தை அடைக்கும். ஓ-ரிங்குக்கும் வாஷருக்கும் புதுசு போடுங்கள், எண்ணெய் தடவி மாட்டுங்கள். இறுக்கம் இன்ஜின் புத்தகத்தில் சொன்ன அளவு. கசிந்தால் இன்னும் இறுக்குவதற்கு முன்னால் கழற்றி கூம்பைத் துடைத்துப் பாருங்கள், பாதிக் கசிவு தூசியால்தான்.

ஓட்டிப் பார்ப்பது

புது ஃபில்டரை, நிமிர்ந்து நிற்கும் வகையானால், எண்ணெய் நிரப்பி மாட்டுங்கள். எண்ணெய் ஊற்றி, ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை 10 நொடி சுற்றவிடுங்கள், கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி. ஆயில் கேஜ் அசைந்த பிறகே இன்ஜினைக் கிளப்புங்கள். கிளம்பியபின் சில நொடிக்குள் அழுத்தம் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், போக்கு வரத்து மாறியிருக்கிறதா என்று புள்ளிகளைச் சரிபாருங்கள்.

ஐடிலில் ஐந்து நிமிடம். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், வெள்ளை அட்டையைக் கீழே பிடியுங்கள், சொட்டு தெரியும். பிறகு படகைக் கட்டிய கயிறு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்னும் பின்னும் கியர் மாற்றுங்கள். புது ஹோஸும் கூலரும் எண்ணெயை வாங்கிக்கொள்வதால் அளவு இறங்கியிருக்கும். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கைச் சில மாடல்களில் நிறுத்திய உடனே பார்க்க வேண்டும், சிலவற்றில் ஆறிய பிறகு, ஓட்டுவதற்கு முன்னால். புத்தகம் சொல்கிறபடி பாருங்கள். ஏடிஎஃப் கேட்கும் கியர்பாக்ஸில் இன்ஜின் ஆயிலைக் கலந்து ஊற்றிச் சமாளிக்காதீர்கள்.

ஜூன் 15-க்குப் பிறகு முதல் தொழிலுக்குப் போய் வந்ததும், இன்ஜின் ஆறிய பிறகு, எட்டு முனையிலும் ஸ்பேனரை வைத்து ஒருமுறை பாருங்கள். ஃபெரூல் ஓரத்தில் ஹோஸ் மேல் ஒரு பெயிண்ட் கோடு போட்டிருந்தால் இன்னும் நல்லது. கோட்டுக்கும் ஃபெரூலுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் ஹோஸ் ஃபெரூலை விட்டு நழுவுகிறது, உடனே கழற்றி கிரிம்ப் செய்த கடைக்கு அனுப்புங்கள். பழைய நான்கில் தேறுகிற நீளமான ஒன்றைக் கழுவி, முனையை மூடி, இன்ஜின் ரூமில் ஆணியில் மாட்டி வைக்கலாம், கரை திரும்ப உதவும். மாட்டிய மாதமும் வருடமும் பெயிண்ட்டில் கூலர் மேலேயே எழுதிவிடுங்கள். போனில் குறித்தது போனோடு போய்விடும்.